தோளில் ஒட்டிய சிவப்பு அம்பு

செக்கிங் அக்காவுக்கு முகதாட்சண்யம் என்பது அறவே கிடையாது. கல்யாணப் பந்தியில் யாராவது அவர் இலைமேல் பாயச வாளியைச் சாய்த்தபடி, "இன்னும் ஒரு கரண்டி, எனக்காக" என்று கெஞ்சினால், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஒங்களுக்காக நான் எப்படித் திங்க முடியும்? வேண்டாம்" என்பார். பெயர் சூட்டிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு "பேரு நல்லாருக்காக்கா?" என்று ஆசையாகக் கேட்ட தாயிடம், "நல்லால்ல" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளையை வாங்கி ஆசை தீரக் கொஞ்சியவர். மும்பை தாராவியில் எங்கள் சந்தில் அவரைப் பற்றிக் குறை சொல்லாத ஆள் இல்லை. அவர் முகத்துக்கு நேரே சொன்னவர்களும் இல்லை.

என் அண்ணன் சட்டை தைக்கும் கார்கானா, சின்னத் தொழிற்கூடம், வைத்திருந்தார். நான் அதில் கட்டிங் மாஸ்டர். அக்கா செக்கிங். வாசலை ஒட்டி, வெளிச்சம் விழும் இடத்தில் அவருடைய மேசை. தைத்து வரும் ஒவ்வொரு சட்டையையும் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவிப் பார்ப்பார். காலர் ஒரு பக்கம் இறங்கியிருந்தாலோ, தையல் சுருங்கியிருந்தாலோ, சுருளிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரைப் பிய்த்து அந்த இடத்தில் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். சுண்டுவிரல் நகம் அளவுள்ள அம்பு அது. "இங்கே பார்" என்று அர்த்தம். ஊழியர்கள், வாடிக்கையாளர்கள், சந்து முழுக்க எல்லோருக்கும் அவர் செக்கிங் அக்காதான். எனக்கும் அப்படித்தான் பழக்கம்.

அண்ணன் இதற்கு நேர் எதிர். கேட்கிறவர் கேட்டு முடிக்குமுன் "சரி" என்று சொல்லிவிடுகிற மனுஷன். எங்கள் ஊர்க்காரர் சங்கத்தில் யார் வீட்டு விசேஷமானாலும் அண்ணன்தான் முன்னால் நிற்க வேண்டும். ஒரே நாளில் மூன்று வீட்டுக்கு வருவதாக ஒப்புக்கொண்டு, மூன்று வீட்டிலும் சாப்பிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்தவர். "முடியாதுன்னு சொன்னா அவிய மனசு கஷ்டப்படும்லா" என்பார். தன் வயிறு கஷ்டப்படுவது அவருக்குக் கணக்கில்லை.

இந்த இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தால் என்ன ஆகும்? தேவ்நாரில் தையல் மெஷின் போட்டிருந்த, அண்ணனுக்கு மச்சினன் முறையான ஒருவன் ஒரு தடவை ஒரு லாட் சட்டை தைத்து அனுப்பினான். அக்கா பார்த்து முடித்தபோது சட்டைகளுக்கெல்லாம் அம்மை போட்ட மாதிரி இருந்தது. அண்ணன் பதறிப்போய், "ஏம்மா, மச்சினன் அனுப்புன மாலு. கொஞ்சம் பாத்துப் பண்ணப்படாதா?" என்றார்.

"பாத்துத்தான் அண்ணாச்சி பண்ணிருக்கேன்" என்றார் அக்கா.

இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று நான் ஒருமுறை கேட்டேன். ஏதோ பெரிய சோகக் கதை வரும் என்று எதிர்பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, "செக்கிங் டேபிள்ல வெக்கப்பட்டா மாலு திரும்பி வரும் மாஸ்டர். வெக்கத்த நானும் பட்டுப் பாத்தேன். கட்டுப்படி ஆகல" என்றார்.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது கார்கானாவில் வைத்துத்தான். நின்றுகொண்டிருந்தவர் துணிக் கட்டின்மேல் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. பிள்ளைகள் இல்லாத வீடு. அண்ணன் மனைவி, என் மதினி, ஒருத்திதான் எல்லாவற்றுக்கும். எங்கள் பகுதியில் வீடு என்றால் கீழே தொழில், மேலே குடித்தனம், நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அதில் அண்ணனை ஏற்ற முடியாது. ஆகவே கட்டிலைக் கீழேயே, செக்கிங் மேசைக்குப் பக்கத்தில் போட்டோம். அக்கா மேசையைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பயிற்சி கொடுக்க வீட்டுக்கு ஒரு மராத்திப் பெண் வந்தாள். சின்ன வயது, நல்ல கெட்டிக்காரி. "ஹாத் மத் கீஞ்சோ" என்பதை வந்தவுடனும் சொல்வாள், போகும்போதும் சொல்வாள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். செத்த கை தோளிலிருந்து தொங்குகிறது, இழுத்தால் மூட்டு நழுவிவிடும், அப்புறம் வலி ஆளைக் கொல்லும் என்று விளக்கினாள். விழுங்குகிற தசையும் பலவீனமாக இருக்கிறது. தண்ணீர், காப்பி போல நீர்த்தது எதையும் கொடுக்கக் கூடாது, படுக்க வைத்து எதையுமே கொடுக்கக் கூடாது. எல்லாம் எங்களுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? எங்கள் ஜனங்களிடம் இதை யார் சொல்வது?

நோயாளியைப் பார்க்கப் போகாவிட்டால் அது மூன்று தலைமுறைக்கு நிற்கும் மனஸ்தாபம். ஆகவே வந்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக, வாசலில் செருப்பு வைக்க இடமில்லாமல் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் அண்ணன் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்க ஆசை. தங்கள் கையால் ஒரு வாய் ஊட்ட ஆசை. அத்தனையும் பிரியம்தான், நான் மறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரம், சங்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். மதினி கொடுத்த காப்பியில் பாதியைத் தான் குடித்துவிட்டு, மீதியை, "ஒரு மடக்குத்தானே தாயி" என்று படுத்திருந்த அண்ணன் வாயில் ஊற்றினார். அண்ணன் இருமினார். கண் பிதுங்க இருமினார். பெரியவர் உச்சந்தலையில் தட்டிக்கொடுத்து, "பொரையேறுது. யாரோ நெனைக்காவ" என்றார். உடனே கூடியிருந்தவர்கள், நினைப்பது ஊரிலிருக்கும் தங்கச்சியா, பூனாவுக்குப் போன பங்காளியா என்று ஆள் தேட ஆரம்பித்துவிட்டார்கள். பொரையேறினால் அப்படித்தானே பேசிப் பழக்கம்! சாயங்காலம் காய்ச்சல் அடித்தது. மறுநாள் மூச்சு வாங்கியது. அண்ணனை நினைத்தது யார் என்று ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார்கள். காப்பி நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகியிருந்தது.

"இந்தத் தடவை தப்பித்தார். இன்னொரு தடவை தாங்க மாட்டார்" என்றார் டாக்டர். மூக்கில் குழாய் மாட்டி அனுப்பினார்கள். டாக்டர் சொல்லும்வரை வாய் வழியாக ஒரு சொட்டும் கூடாது.

வீட்டுக்கு வந்த அன்றே அந்தப் பெரியவரும் வந்தார், மனசு கேட்காமல், ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சியோடு. அவரை எப்படியோ பேசி அனுப்பிவிட்டு மதினி இரும்பு ஏணியில் உட்கார்ந்து அழுதாள். "வாரவியள வேண்டாம்னு எப்படிச் சொல்ல? நாளைக்கு நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரு வருவா?"

அக்கா சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க சொல்ல வேண்டாம் மதினி. எனக்கு அது சும்மாவே வரும்" என்றார்.

அப்படித்தான் அது தொடங்கியது. வாசலில் உட்கார்ந்திருப்பது ஏற்கெனவே அவர் வேலை. வருகிறவர்களைத் தடவிப் பார்த்து அனுப்புவது கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான். முதல் காரியமாக, சுருளிலிருந்து ஒரு சிவப்பு அம்பைப் பிய்த்து அண்ணன் சட்டையின் வலது தோளில் ஒட்டினார். வந்தவர்கள், "இது என்னது?" என்று கேட்டார்கள்.

"டிஃபெக்ட் பீஸு. கை வைக்கப்படாது."

மதினிக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அண்ணன் பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். விழுந்த நாளிலிருந்து நாங்கள் பார்க்காத சிரிப்பு. அதற்குப் பிறகு சட்டை மாற்றும்போதெல்லாம் மதினியே பழைய அம்பைப் பிய்த்துப் புதுச் சட்டையில் ஒட்டினாள். பசை போனால் அக்கா புதிது கொடுத்தார்.

விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் அவருக்குத் தாங்காது. மேசையில் துணியைத் தடவுகிற அதே தடவலில் கட்டில் ஓரத்தைத் தடவிவிட்டு, "மாஸ்டர், இங்க மடிஞ்சிருக்கு. அண்ணாச்சியப் பெரட்டுங்க" என்பார். நான் கத்திரியைப் போட்டுவிட்டு ஓடுவேன். மதினி துடைத்துவிடும்போது இவர் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "இடுப்புல செவப்பு இருக்கா பாருங்க. குதிங்கால்ல?" என்று குரல் கொடுப்பார். செவப்பு வந்தால் அப்புறம் புண், புண் வந்தால் எலும்புவரை போகும் என்று மராத்திப் பெண் சொன்னதை நாங்கள் எல்லோரும்தான் கேட்டோம். நாங்கள் கேட்டோம், அவர் விடாமல் செய்தார்.

புறா விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. அண்ணனுக்கு வலது கெண்டைக்கால் வீங்கியிருந்த சமயம். ரத்தம் உறைந்திருக்கலாம், ஸ்கேன் பார்க்கும்வரை அமுக்கவோ தேய்க்கவோ கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அப்போது எங்கள் தூரத்து மாமா ஒருவர் மஞ்சள் பையோடு வந்து சேர்ந்தார். பை அசைந்தது. பக்கவாதத்துக்குப் புறா ரத்தத்தைச் சூட்டோடு சூடாகத் தேய்த்தால் கால் எழும்பிவிடுமாம். தொடையிலிருந்து கீழ்நோக்கி நன்றாக அழுத்தி உருவ வேண்டுமாம். ஊரில் அவர் கண்ணால் பார்த்திருக்கிறாராம்.

"பையக் காட்டுங்க" என்றார் அக்கா.

மாமா ஏமாந்து காட்டினார். அக்கா பையின் வாயை விரித்து வெளியே உதறினார். புறா படபடத்துப் போய் எதிர்த் தகரக் கூரையில் உட்கார்ந்தது.

"என்ன காரியம் பண்ணிட்ட! அலைஞ்சு திரிஞ்சு வாங்கிட்டு வந்தேன்!"

"அந்தா இருக்கு. போய்ப் பிடிச்சுக்கிடுங்க."

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டார். புறா போகவில்லை. வெகுநாள் அந்தக் கூரையிலேயே உலாத்திக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு பொழுதாயிற்று.

எல்லாம் சரியாகவே செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அண்ணனுடைய பால்ய சிநேகிதர் ஒருவர் பக்கத்துச் சந்தில் பொத்தான் கடை வைத்திருந்தார். கூச்ச சுபாவம். ஒன்றும் கொண்டுவராமல், ஒன்றும் பேசாமல், சும்மா கட்டில் பக்கத்தில் உட்கார வந்தவர். அன்றைக்கு ஏகப்பட்ட கூட்டம். அக்கா அவரையும் சேர்த்து, "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். சாயங்காலம் வரைக்கும் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. காரணம் எங்களுக்குப் புரியவில்லை. அக்காவுக்குத்தான் கடைசியில் புரிந்தது. மறுநாள் காலை நேரே பொத்தான் கடைக்குப் போய், "கடையச் சாத்திட்டு வாங்க" என்றார். மன்னிப்பு, வருத்தம், அதெல்லாம் இல்லை. அந்த மனுஷர் பயந்துபோய்க் கடையைச் சாத்திவிட்டு வந்தார். கட்டில் அருகே ஸ்டூலைப் போட்டு, "கையக் கட்டிக்கிட்டு எம்புட்டு நேரம்னாலும் இருங்க" என்றார் அக்கா. அதற்குப் பிறகு அந்த ஸ்டூல் அவருடையதாகிவிட்டது.

ஆனால் இதெல்லாம் சில்லறை. உண்மையான சோதனை மதினியின் பெரியப்பா வடிவில் வந்தது.

தகப்பன் இல்லாத மதினியை வளர்த்து, கல்யாணம் செய்துகொடுத்தவர் அவர். மாட்டுங்காவில் பாத்திரக் கடை. அவர் நடந்து வந்தால் சந்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அவர் முகம் கோணினால் மதினிக்குப் பிறந்த வீடே இல்லை. ஊருக்குப் போய், குலதெய்வம் சாஸ்தா கோயிலில் பூஜை செய்து, பித்தளைச் செம்பில் தீர்த்தத்தை மடியிலேயே வைத்து ரயிலில் கொண்டுவந்திருந்தார். அந்த வயதில் அவ்வளவு தூரம் இரண்டு கையாலும் செம்பைப் பிடித்து வந்திருந்தார். குளித்து, திருநீறு பூசி, செம்போடு கட்டிலருகே வந்தார்.

"வாயில குடுக்கப்படாது பெரியவரே. நெத்தியில தடவுங்க" என்றார் அக்கா.

"மருந்து வேற, சாமி வேற" என்று அக்கா பக்கம் திரும்பாமலே சொல்லிவிட்டு, கரண்டியில் தீர்த்தத்தை எடுத்தார் பெரியப்பா. மெஷின்கள் நின்றுவிட்டன. மதினி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். அண்ணன், எதற்கும் "சரி" சொல்லிப் பழகிய அண்ணன், வாயைத் திறந்தார்.

அக்கா எழுந்து வந்து கரண்டிக்கும் வாய்க்கும் நடுவில் தன் உள்ளங்கையை நீட்டினார். தீர்த்தம் அவர் கையில் விழுந்தது. ஒரு கணம் அதைப் பார்த்தார். மறுகை விரலால் தொட்டு அண்ணன் நெற்றியில் தடவினார். மிச்சத்தைக் கீழே விடாமல் தன் வாயில் விட்டுக்கொண்டார்.

"வேதக்காரி! மாதா கோயிலுக்குப் போறவ, சாஸ்தா தீர்த்தத்த நீ குடிக்கியா?" பெரியப்பா கரண்டியைச் செம்பில் போட்டார். "இந்த வீட்டுல வேலைக்கு இருக்கிறவ என்னையத் தடுக்கியா?"

"சாமி என்மேல கோவிச்சுக்கிடாது பெரியவரே. அண்ணாச்சி நெஞ்சுல எறங்கிருந்தாத்தான் கோவிச்சிருக்கும்."

பெரியப்பா செம்பை அப்படியே வைத்துவிட்டு இறங்கிப் போனார். மதினி பின்னாலேயே சந்துமுனை வரை ஓடினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வந்தவள் அக்காவின் மேசைமேல் இருந்த சட்டைகளை வாரித் தரையில் எறிந்தாள். "எனக்குப் பெரியப்பா இல்லாமப் பண்ணிட்டியே! இனிமே நான் எங்க போவேன்?"

அக்கா குனிந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டினார். "பெரியப்பா இருக்காரு மதினி. கோவமா இருக்காரு, அம்புட்டுத்தான். கோவம் எறங்கிரும். நெஞ்சுல எறங்குன தண்ணி ஏறாது."

கொஞ்ச நேரம் கழித்து மதினியும் குனிந்து சட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். நான் கட்டிங் மேசையில் நின்றபடி அந்த இரண்டு பெண்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் மனதுக்குள் கும்பிட்ட மனிதர்கள் மிகச் சிலர். அன்றைக்கு அக்காவைக் கும்பிட்டேன்.

அவர் சொன்னபடி பெரியப்பாவின் கோபம் இறங்கத்தான் செய்தது, நாளாகித்தான் என்றாலும். அக்காவுக்கும் வயதாகிவிட்டது. இப்போது சான்பாடாவில் மகள் வீட்டோடு இருக்கிறார். அங்கே யார் வீட்டுச் சாம்பாரை நன்றாக இல்லையென்று சொல்லிக்கொண்டிருக்கிறாரோ தெரியவில்லை. அண்ணன் ஊன்றுகோல் வைத்து நடக்கிறார். கை முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் தோள் நழுவவில்லை, புண் வரவில்லை, இன்னொரு முறை நெஞ்சில் எதுவும் இறங்கவில்லை. அக்காவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் கண்முன் வருவது தீர்த்தச் செம்பும் இல்லை, புறாவும் இல்லை. மூக்குக் குழாயை எடுத்த மறுநாள்தான்.

ஆஸ்பத்திரியில் விழுங்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். கெட்டியாகத்தான், நிமிர்ந்து உட்கார வைத்துத்தான். டீயில் அவர்கள் கொடுத்த பொடியைக் கலந்து கூழ் பதத்தில் செய்தாள் மதினி. முதல் கரண்டியை எடுத்தவள் அதை வாயருகே கொண்டுபோகாமல் நிறுத்தினாள். "என்னால முடியாது. நீயே குடு" என்று அக்காவிடம் நீட்டிவிட்டாள்.

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்தார். முதுகுக்குத் தலையணை நேராக இருக்கிறதா, செத்த கை தலையணைமேல் இருக்கிறதா, மோவாய் தாழ்ந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கொஞ்சமாக ஊட்டினார். அண்ணன் தொண்டை ஏறி இறங்கியது. கார்கானா முழுவதும் சேர்ந்து விழுங்கியது. இருமல் இல்லை. இன்னொரு கரண்டி. இருமல் இல்லை. பொத்தான் கடைக்காரர் ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அக்காவின் முகத்தில், நான் அத்தனை வருஷத்தில் பார்க்காத, ஒரு பேராசை வந்தது. கிண்ணம் பாதி ஆனபோது அண்ணன் உதட்டை மூடிக்கொண்டார். அக்கா விடவில்லை. கரண்டியை உதட்டருகே கொண்டுபோய், கெஞ்சுகிற குரலில் சொன்னார்:

"இன்னும் ஒரு கரண்டி அண்ணாச்சி. எனக்காக."

அண்ணன் அவரைப் பார்த்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்தது. விழுந்த நாளிலிருந்து ஒரு சொல்லும் வராத வாய் அது. யாருக்கும் எதற்கும் மறுப்புச் சொல்லத் தெரியாத வாய்.

"வே... ண்டாம்."

மதினி வீறிட்டு அழுதாள். அக்கா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். முந்தானையை எடுத்து முதலில் அண்ணன் வாயோரம் துடைத்தார், அப்புறம் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாம்னா வேண்டாம் அண்ணாச்சி" என்றார்.